அடுத்த வரி சொன்ன குரல்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். இதைச் சத்தம் போட்டுச் சொல்ல எனக்கு இன்னமும் தைரியம் வரவில்லை.

தேயிலைக் கொழுந்து பறிக்கிற வேலையில் கைக்கும் கண்ணுக்கும்தான் வேலை. வாய் நாள் முழுக்கச் சும்மா கிடக்கும். அந்தச் சும்மா கிடந்த வாயை வைத்துத்தான் நான் எட்டாம் வகுப்பு படித்தேன். வேலைக்கும் அடுப்புக்கும் நடுவில் ஓடி ஓடி, ஒரு பக்கம் படிப்பதற்குள் தூக்கம் வந்து கண்ணைக் கட்டுகிறவர்கள் உங்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு என் பாடு புரியும்.

மலையில் அரவேணு என்கிற ஊருக்குக் கீழே எங்கள் எஸ்டேட். விடியக்காலையில் பள்ளிக்கூடத்தைத் திறந்து, கூட்டி, தண்ணீர் பிடித்து வைப்பது என் முதல் வேலை. ஏழரையிலிருந்து நாலரை வரைக்கும் தோட்டம். அப்புறம் விறகு, சோறு, துணி, ஊட்டுக்காரர். காலையில் செய்கிற வேலைக்குப் பதிலாக, வாரத்தில் மூன்று சாயங்காலம் அதே பள்ளிக்கூடத்து டீச்சர் எனக்குப் பாடம் சொல்லித் தருவார். வயசு ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு ஆனால் தோட்ட வேலை முடிந்தது. தோட்டத்தில் கொடுத்த லைன் வீட்டையும் காலி செய்து கொடுக்க வேண்டும். எனக்கும் அவருக்கும் போவதற்கு வேறு ஊர் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை ஒன்று காலியாக இருந்தது, பின்பக்கம் ஒரு ரூமும் சேர்த்து. எட்டாம் வகுப்பு பாஸாகியிருக்க வேண்டும் என்றார்கள். நான் மூணாப்போடு நின்றவள்.

செடிக்குப் பாடம்

புத்தகத்தைத் தோட்டத்துக்குக் கொண்டு போனால் மழையில் ஊறிவிடும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு தாள் என்று பிரித்து, கழுவிக் காயவைத்த பால் கவருக்குள் போட்டு, மழைக்குக் கட்டுகிற ஷீட்டின் உள்பக்கம் ஊக்கு குத்திக்கொள்வேன். ஒரு செடி பறித்து முடித்ததும் ஷீட்டை விலக்கி ஒரு வரி பார்ப்பேன். அடுத்த செடி முடிகிற வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருப்பேன். நூறு செடி போனால் ஒரு பாடம் வந்துவிடும்.

சத்தமாகச் சொன்னால்தான் எனக்கு ஏறும். செடி வரிசையை நாங்கள் நிரை என்போம்; பக்கத்து நிரைப் பெண்கள் தலைவலி என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. உலகத்தில் எத்தனை கண்டம், எத்தனை கடல் என்று காலை முழுக்க ஒருத்தி கத்திக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற மேஸ்திரி என்னைக் கொண்டுபோய் ஓரத்து நிரையில் போட்டுவிட்டார். போடும்போது சொன்னார்:

"ஏனுங் பாக்கியக்கா, நீங்க சொல்றதக் கேட்டுக் கேட்டு இந்தச் செடியெல்லாம் பாஸாயிரும். நீங்க பாஸாவீங்களான்னுதான் தெரியல."

பனியில் பேர் சொல்லக் கூடாது

ஓரத்து நிரை என்றேன் அல்லவா, அதற்கும் அந்தப் பக்கம் இன்னொரு நிரை இருக்கிறது. அதுதான் கடைசி. அதை ஒட்டிச் சோலைக்காடு. வெயில் நாளில் எல்லோரும் சேர்ந்து ஒரே மூச்சில் அதைப் பறித்து முடிப்போம். பனி இறங்கின நாளில் ஒருத்தரும் கால் வைக்கமாட்டோம்.

பனி மூடினால் எங்கள் தோட்டத்தில் ஒரு முறை உண்டு. ஆளுக்கு ஒரு சத்தம் போட்டுக்கொண்டே பறிப்போம். ஆள் இருப்பது காட்டெருமைக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் கிட்டப் போய்விட்டால் அது மிரண்டு முட்டிவிடும். ஒருத்தி இருமுவாள், ஒருத்தி நாக்கைச் சொடுக்குவாள். என் இடது பக்கத்து நிரையில் இருந்தவள் சிவகாமி, என்னைவிடப் பத்துப் பதினைந்து வயசு சின்னவள். அவள் சாப்பாட்டு டப்பா மூடியை வளையலால் தட்டுவாள். டிக், டிக் என்று. எனக்குப் பாடமே சத்தம்.

ஆனால் பேர் மட்டும் சொல்லக் கூடாது. யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் சொல்லக் கூடாது. ரொம்ப வருஷத்துக்கு முன்னால் கடைசி நிரையில் பறித்துக்கொண்டிருந்த அஞ்சலை என்கிறவளை யாரோ பனிக்குள்ளிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். "இதோ வாரன்" என்றாளாம். பனி விலகினபோது கூடை மட்டும் இருந்தது. பாதி கொழுந்தோடு, சாயாமல், நேராக வைத்தபடி இருந்தது. நான் இந்த எஸ்டேட்டுக்கு வருவதற்கு முன்னால் நடந்தது. நான் ஓரத்து நிரைக்கு வந்த அன்றைக்குச் சிவகாமி அதை எனக்கு ஒன்றுக்கு இரண்டு தரம் சொன்னாள். சொல்லிவிட்டு மூடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"பேரு சொல்லிக் கூப்புட்டா அது நானில்லைன்னு வெச்சுக்குங்க. என்ற குரலாவே இருந்தாலும் வராதீங்க்கா."

வலது பக்கம்

அன்றைக்குப் பத்து மணிக்கே பனி இறங்கிவிட்டது. பறிக்கிற என் விரலே எனக்குத் தெரியவில்லை. தண்ணீரைப் பற்றின பாடம். "வெயில் பட்டால் நீர் ஆவியாகும். ஆவி மேலே போகும். மேலே போய்..." அதற்குமேல் வரவில்லை. ஷீட்டை விலக்கிப் பார்த்தேன். கவருக்குள் வேர்த்து எழுத்தெல்லாம் கலங்கிக் கிடந்தது. "மேலே போய், மேலே போய்" என்று அதையே உருட்டிக்கொண்டிருந்தேன்.

"குளிரும். குளிர்ந்தால் மேகம் ஆகும்."

வலது பக்கத்திலிருந்து வந்தது அந்தக் குரல். பெண் குரல்தான், தொண்டை கட்டின மாதிரி. கூடப் படிக்கிறவள் எடுத்துக் கொடுப்பாளே, அப்படி அவசரமே இல்லாமல் சொன்னது. இடது பக்கம் சிவகாமியின் மூடி டிக், டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. வலது பக்கம் கடைசி நிரை. அங்கே ஆள் கிடையாது.

பனியில் ஓடக் கூடாது. ஓடினால் எதன்மேல் போய் மோதுவோமோ. நின்றேன். நிற்கவும் பயமாக இருந்ததால், வாயில் வந்த அடுத்த பாடத்தைச் சொன்னேன். "செடிக்கு உணவு தயாரிப்பது இரண்டு இலை ஒரு மொட்டு." தப்புத்தான். புத்தகத்தில் இலை என்றுதான் இருக்கிறது. ஆனால் நாற்பது வருஷம் இரண்டு இலை ஒரு மொட்டு என்றே பார்த்துப் பார்த்துக் கிள்ளின எங்களுக்கு, இலை என்று வாயைத் திறந்தால் மொட்டையும் சேர்த்துச் சொல்லாமல் நாக்கு நிற்காது. வலது பக்கத்துக் குரல் அதையும் மெதுவாகத் திருப்பிச் சொன்னது: இரண்டு இலை ஒரு மொட்டு.

மதியம் பனி விலகியதும் மேஸ்திரி வந்தார். கடைசி நிரை பாதி தூரத்துக்குப் பறித்திருந்தது. கிள்ளின காம்பெல்லாம் ஈரம் காயாமல் பளபளவென்று இருந்தன. ஆனால் எடைக்கு வந்த எங்கள் பைகளில் யாருக்கும் கொழுந்து கூடுதலாக இல்லை. மேஸ்திரி நிரையை மேலும் கீழும் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"இத்தன சுத்தமாப் பறிக்கிற ஆளு நம்ம செட்டுல ஒருத்தருமே கிடையாதே."

காது கேளாதவர் பார்த்தது

என் ஊட்டுக்காரர் டீ ஃபேக்டரியில் இலையை உருட்டுகிற ரோலர் மெஷின் ஓட்டினவர். அந்தச் சத்தம் அவர் காதைத் தின்றுவிட்டது. அதனால் வீட்டில் நான் எவ்வளவு சத்தமாகப் படித்தாலும் கேட்க ஆள் இல்லை. வாய் அசைவதை வைத்துத்தான் அவர் பேச்சைப் புரிந்துகொள்வார். முதலில் கொஞ்ச நாள், நான் அடுப்படியில் நின்று கணக்கு வாய்ப்பாடு சொன்னால், தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் எழுந்து விறகு பிளக்கப் போய்விடுவார். நான் அவருக்கு உண்மையைச் சொல்லவில்லை. விறகு வேண்டியிருந்தது.

ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீர்ப் பாடத்தைச் சொல்லியபடி ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து என்னையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். நான் சொல்வதை நிறுத்தினேன். அவர் பார்வை ஜன்னலிலேயே நின்றது. அப்புறம், காது கேளாதவர்கள் பேசுகிற அந்தப் பெரிய குரலில் சொன்னார்:

"ஏம்புள்ள, சன்னலுக்கு வெளிய முக்காடு போட்ட ஒருத்தி உன்ற கூடவே வாயசைக்கறா. நீ நிறுத்துனா அவளும் நிறுத்திக்கறா."

கரும்பலகை

நான் திரும்பிப் பார்க்கவில்லை. தாளிப்பு தீய்ந்து போயிற்று. காலையில் போய்ப் பார்த்தபோது ஜன்னலுக்குக் கீழே புல் மிதிபட்டிருந்தது. அவ்வளவுதான்.

அதிலிருந்து வாயை மூடிக்கொண்டு பறித்தேன். நாலு நாள். நாலு நாளும் ஒரு வரி ஏறவில்லை. வீட்டில் உட்கார்ந்து படிக்கலாம் என்றால் உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறேன். பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. வாயை மூடினால் ரூம் போகும், திறந்தால் என்ன போகுமோ தெரியாது. ஐந்தாம் நாள் திறந்துவிட்டேன். பனி வந்தால் வலது பக்கம் குரலும் வரும். நான் தடுமாறுகிற இடத்தில் எடுத்துக் கொடுக்கும். பயத்தோடேயே நான் அதற்குப் பழகிவிட்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா? பல்வலிக்குப் பழகுவதில்லையா, அப்படி.

ஒரு நாள் விடியக்காலையில் பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்துவிட்டு, பின்னால் குழாய்க்குப் போய்க் குடத்தோடு வந்தேன். வகுப்பில் கரும்பலகையில் எழுத்து இருந்தது. கதவைத் திறக்கும்போது அது வெறும் பலகை, நானே துடைத்தது. எழுத்துகள் கோணல் மாணலாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு: செடிக்கு உணவு தயாரிப்பது இரண்டு இலை ஒரு மொட்டு. வாசலிலிருந்து பலகை வரைக்கும் ஈரக் கால் தடம். திரும்பிப் போன தடம் இல்லை.

குடத்தை இறக்கி வைத்துவிட்டு அந்த வாக்கியத்தை இன்னொரு தரம் படித்தேன். அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத தப்பு. என் வாயில் பிறந்த தப்பு. என்னிடமிருந்துதான் அது போயிருக்கிறது. யாரிடம் போனது என்பதுதான் தெரியவில்லை. டீச்சர் வந்தார். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவர் சிவப்புச் சாக்பீஸை எடுத்து 'இரண்டு இலை ஒரு மொட்டு' என்பதன்மேல் கோடு போட்டுவிட்டு, பச்சை இலை என்று பெரிதாக எழுதி, அன்றைக்கு முழுக்க யாரும் அதை அழிக்கக் கூடாது என்றார். யார் எழுதினது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எழுதுனது யாராயிருந்தா என்னங்க பாக்கியம்மா? தப்பைத் திருத்தி வெச்சா பாக்க வேண்டியவங்க பாத்துக்குவாங்க."

பாதை பிரிகிற இடத்தில் கூப்பிட்டது

பரீட்சை குன்னூரில். ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கத் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் இறங்கினேன். வெளிச்சம் வந்திருந்தது, ஆனால் பால் மாதிரி பனி. சின்னப் பாலத்துக்கு முன்னால் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று பாலத்தைத் தாண்டி ரோட்டுக்கு, இன்னொன்று சோலைப் பக்கம். பிரிகிற இடம் எனக்குத் தெரியவில்லை. காலால் தடவிக்கொண்டு நின்றேன்.

"பாக்கியக்கா. இங்க வாங்க. பாதை இந்தப் பக்கம்."

சிவகாமியின் குரல். வலது பக்கம், ரொம்பக் கிட்டத்தில். இன்னொரு தரம் கூப்பிட்டது. மூன்றாம் தரம். பஸ் ஹார்ன் எங்கோ கீழே கேட்டது. பதில் சொன்னால் அஞ்சலையின் கதி, சொல்லாவிட்டால் பரீட்சை போச்சு. அப்போது எனக்கு என்ன தோன்றியதோ, பேருக்குப் பதில் சொல்லாமல் பாடத்தைச் சொன்னேன். "செடிக்கு உணவு தயாரிப்பது..." என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

வலது பக்கம் பேசவில்லை. எனக்கு நேர் முன்னால், பாலத்துப் பக்கமிருந்து வந்தது பதில்: "இரண்டு இலை ஒரு மொட்டு."

அந்தக் குரலை நோக்கி நடந்தேன். பாலத்துச் சுவரில் சிவகாமி உட்கார்ந்திருந்தாள். துவைத்த சேலை, தலையில் பூ, கையில் பிளாஸ்டிக் கவருக்குள் ஹால் டிக்கெட். கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது, கைநாட்டுத்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள்.

அவளே சொன்னாள். ஆறாப்பு வரைக்கும் போனவளாம். டீச்சருக்கு மட்டும்தான் தெரியுமாம். வீட்டில் எட்டுப் பேர். இவள் ஒரு தாளைப் பிரித்தால் ஆளுக்கொரு வேலை சொல்வார்கள், அதனால் எழுத்துத் தெரியாதவளாகவே இருந்துவிட்டாள். பனி வந்தால் டப்பா மூடியைக் கல்லோடு சேர்த்துச் செடியில் கட்டித் தொங்கவிடுவாள், அது காற்றில் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். இவள் சுற்றிவந்து என் வலது பக்கம், கடைசி நிரைக்கு இந்தப் பக்கத்துச் சந்தில் நின்று பாடம் கேட்பாள், நான் தடுமாறினால் குரலை மாற்றி எடுத்துக் கொடுப்பாள். ஜன்னலிலும் அவள்தான். எழுதிப் பார்க்கப் பலகை வேண்டியிருந்ததால் பள்ளிக்கூடத்திலும் அவள்தான். நான் குடத்தோடு வருகிற சத்தம் கேட்டு, பலகைக்குப் பக்கத்து ஜன்னல் வழியாகக் குதித்துவிட்டாள்.

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "கடைசி நிரையைப் பறிச்சதும் நீதானா? இப்ப என்னையக் கூப்புட்டதும்?" என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. அதே நேரம் பனி கொஞ்சம் கலைந்தது. வலது பக்கம், குரல் வந்த அதே இடத்தில், ஒரு காட்டெருமை ஆடாமல் அசையாமல் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதன் மூச்சு புகையாகப் போய்க்கொண்டிருந்தது. சிவகாமி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசி நிரைக்குள்ள நான் கால் வெச்சதே இல்லைங்க்கா. இப்பவும் அந்த வரிக்குத்தான் வாயத் திறந்தேன். பனியில நான் எதுக்குங்க பேரு சொல்றன்?"

பஸ்ஸில்

காட்டெருமைமேல் வைத்த கண்ணை எடுக்காமல் பாலத்தைத் தாண்டி வந்து பஸ்ஸைப் பிடித்து, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் காட்டெருமைப் பயம் போய் வேறு பயம் வந்தது. ஆயா வேலை ஒன்று. ரூம் ஒன்று. இவளும் எட்டாப்பு எழுதப் போகிறாள், என்னைவிடச் சின்னவள், என்னைவிடக் கெட்டிக்காரி. இவள் தலையில் என் தப்பு ஒன்று இருக்கிறது. சரியான பதில் என்னிடம் இருக்கிறது. அந்த ஒரு மார்க்கில்தான் ஒருத்தி பாஸ், ஒருத்தி ஃபெயில் என்று இருந்தால்? கட்டிலில் உட்கார்ந்திருக்கிற என் ஊட்டுக்காரரை நினைத்துக்கொண்டேன். லைன் வீட்டுக் கதவில் வேறு யாரோ பூட்டுப் போடுவதை நினைத்துக்கொண்டேன். நாலு வளைவு வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. இத்தனை கதை சொன்னேனே, எனக்கு மிகவும் பயமாக இருந்தது அந்த நாலு வளைவில் என்னைப் பார்த்துத்தான்.

ஐந்தாவது வளைவில் சொல்லிவிட்டேன். "மொட்டு கிடையாது கண்ணு. பச்ச எலை மட்டுந்தான். நான் தப்பாச் சொன்னத நீ அப்படியே புடிச்சுக்கிட்ட."

சிவகாமி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சிரித்தாள்.

"தெரியுமுங்க்கா. டீச்சர் செவப்புல எழுதுனத அன்னிக்கே பாத்துட்டேன். பாலத்துல நாந்தான்னு உங்களுக்குத் தெரியோணும்னு அப்புடிச் சொன்னேன். அப்பறம் நீங்க சொல்றீங்களான்னு பாத்துட்டே வந்தேன். அந்த ஆயா வேலை எனக்கெதுக்குங்க? எங்க ஊட்டுக்காரருக்கு இன்னும் பத்து வருசம் சர்வீஸ் இருக்குது."

அவள் கேட்டு வாங்கின இடம்

இரண்டு பேரும் பாஸ். அவளுக்கு மார்க் அதிகம், அதை நான் சொல்லாவிட்டாலும் அவள் சொல்லிவிடுவாள். பள்ளிக்கூடத்து ரூமில்தான் இப்போது நாங்கள் இருக்கிறோம். சாயங்காலம் பிள்ளைகள் போனபின் ஒரு மணி நேரம் நான் புத்தகம் படிக்கிறேன். சத்தமாகத்தான். ஊட்டுக்காரர் இன்னமும் சில நாள் எழுந்து விறகு பிளக்கப் போய்விடுகிறார்.

எட்டாப்பு முடித்துவிட்டதால் சிவகாமிக்கு வேண்டிய நிரையைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார் மேஸ்திரி, பாராட்டு மாதிரி. அவள் கடைசி நிரையைக் கேட்டாள். வேறு நிரை கேள் என்று மேஸ்திரி சொல்லிப் பார்த்தார். அங்கே நடந்ததெல்லாம் தெரிந்துமா என்று நானும் கேட்டேன். அவள் ஒரு தாளைக் கவருக்குள் செருகிக்கொண்டே சொன்னாள்:

"பனி நாள்ல அங்கதானுங்க்கா ஒருத்தரும் கிட்ட வரமாட்டாங்க. வேற எங்க போயி நான் நிம்மதியாப் படிக்கறது?"

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் படிக்க இடம் தேடுகிற உங்களுக்கெல்லாம் நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: பனி இறங்கின நாளில் பள்ளிக்கூட வாசலில் நின்று காது கொடுத்தால், அந்தக் கெட்டிக்காரி ஒரு வரியைப் பாதி படித்து நிறுத்திவிட்டு, சோலைப் பக்கம் திரும்பி, கடைசி நிரையைப் பறித்தது எதுவோ அது மீதியைச் சொல்லட்டும் என்று காத்திருப்பது எனக்குக் கேட்கிறது.